காடு காக்கும் காளான்கள்

சிவகாசி என்றதும் நம் நினைவிற்கு முதற்கண் வருவன தீப்பெட்டியும் பட்டாசுமே ஆகும். மழை குன்றிய நிலம், வறண்ட காற்று, கடுவெயில். உழவுக்கு இடராக நின்ற அவ்வறட்சியையே தொழிலுக்குத் துணையாக்கிக் கொண்டனர் அவ்வூர் மக்கள். 1922-ஆம் ஆண்டில் அய்ய நாடார், சண்முக நாடார் என்னும் இருவர் கல்கத்தாவுக்குச் சென்று, தீப்பெட்டி செய்யும் முறையைக் கற்றுத் திரும்பினர். அவர்கள் ஊன்றிய வித்தே பின்னர் அவ்வட்டாரம் முழுவதும் பெருந்தொழிலாய்த் தழைத்தது.

சிவகாசியிலிருந்து மேற்கே செல்வோமாயின், ஸ்ரீவில்லிபுத்தூருக்கு அப்பால் நீல நிறமாய் நீண்டு கிடக்கும் மலைத்தொடரைக் காணலாம். அது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதி. செண்பகத்தோப்பும், சதுரகிரியும், வத்திராயிருப்பை அடுத்த பிளவக்கல் அணைகளும் அம்மலையைச் சார்ந்தவை. சாம்பல் நிற மலையணில்களைக் காப்பதற்காக 1988-ஆம் ஆண்டில் அங்கு ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. 2021-ஆம் ஆண்டில் மேகமலைக் காட்டோடு இணைத்து, ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலைப் புலிகள் காப்பகம் என ஆயிரம் சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் அது விரிவாக்கப்பட்டது.

கீழே தீயை வளர்த்து வாழும் ஊர். மேலே தீயை அஞ்சி வாழும் காடு. இவ்விரண்டிற்கும் இடையே ஓர் ஒப்புமை உண்டு என்றால் வியப்பாகத் தோன்றும். அதனை அறிய ஒரு தீக்குச்சியே போதும்.

தீக்குச்சி ஒன்றை உரசுகிறோம். பல ஆண்டுகள் வளர்ந்த மரத்தின் ஒரு கீற்று, சில நொடிகளில் எரிந்து கரியாகிறது. மரம் கதிரவனிடமிருந்து பெற்றுத் தன்னுள் அடக்கி வைத்திருந்த ஆற்றல், வெப்பமும் ஒளியுமாய் வெளிப்படுகிறது. மரத்திலிருந்த கரிப்பொருள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கூடிக் கரியமில வாயுவாகிறது. இதே வேலையை, இதே மரத்தின்மேல், சுடரும் புகையுமின்றிப் பல ஆண்டுகள் பொறுத்திருந்து செய்யும் உயிர்கள் அம்மலைக்காட்டில் வாழ்கின்றன. அவையே காளான்களும், அவற்றின் இனத்தைச் சேர்ந்த பூஞ்சைகளும் ஆகும். தீ விரைந்து எரிகிறது. காளான் மெல்ல எரிக்கிறது.

பழந்தமிழர் கண்ட காளான்

பழந்தமிழர் காளானை நன்கு அறிந்திருந்தனர். ‘ஆம்பி’ என்பது அதன் பழம்பெயர். பெருந்தலைச் சாத்தனார் குமண வள்ளலைப் பாடிய புறநானூற்றுப் பாட்டில், சமைத்தலையே மறந்துபோன ஓர் அடுப்பில் ஆம்பி பூத்திருக்கும் காட்சி வருகிறது. நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையிலும், வறியவர் ஒருவரின் பாழ்பட்ட அட்டிலில், கறையான் அரித்த புழுதியிடையே ‘காளாம்பி’ பூத்திருக்கக் காண்கிறோம். தீ மூட்டப்பெறாத அடுப்பு. அங்கே பூத்த காளான். வறுமையைக் காட்ட இதனினும் கூரிய காட்சி வேறு வேண்டுமோ?

உலக வழக்கிலும் காளானுக்கு மதிப்பில்லை. திடீரெனத் தோன்றி விரைவில் மறைவனவற்றை ‘மழைக்காலக் காளான் போல’ என்று கூறுகிறோம். இக்கட்டுரையை எழுதுவோனும் பல ஆண்டுகள் வகுப்பறையில் அவ்வாறே உவமைப் பொருள் விரித்ததுண்டு. காளானின் இயல்பை விளக்கும் நூல்களைப் பிற்காலத்தில் கற்ற பின்னரே, மாணவர்க்கு அவ்வுவமையின் ஒரு பாதியை மட்டுமே கற்பித்தோம் என்பது தெளிவாயிற்று. மற்றொரு பாதி மண்ணுக்குள் இருக்கிறது.

காளானின் உடல்

நிலத்தின்மேல் குடை விரித்து நிற்கும் காளான், ஒரு தனி உயிரின் முழு உடல் அன்று. மாமரத்திற்கு மாங்கனி எத்தகையதோ, அத்தகையதே பூஞ்சைக்குக் காளான். மரம் மண்ணுக்குள்ளும், கனி மட்டும் மண்ணுக்கு வெளியேயும் இருப்பதாக எண்ணிப் பாருங்கள். பூஞ்சையின் நிலை அதுவே.

பூஞ்சையின் மெய்யுடல் நூலினும் நுண்ணிய இழைகளால் ஆனது. அவ்விழைகள் கிளைத்துக் கிளைத்து, மண்ணிலும் சருகிலும் மரத்திலும் வலைபோலப் பின்னிக் கிடக்கின்றன. காட்டில் மக்கிய சருகுகளைச் சற்றே விலக்கினால், வெண்ணிறப் பஞ்சு இழைகள் போல் அவ்வலை தென்படும். மழை பெய்து ஈரம் மிகுங்காலத்தில் அவ்வலை காளானை மேலே எழுப்புகிறது. காளான் குடையின் அடிப்புறத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத வித்துத் துகள்கள் கோடிக்கணக்கில் காற்றில் கலக்கின்றன. இவற்றை அறிவியல் நூல்கள் ஸ்போர்கள் என்று கூறும். வித்துகளைத் தூவியபின் குடை வாடி அழுகிவிடுகிறது. அதனைக் கண்டு காளான் அழிந்தது என்கிறோம். அழிந்தது கனியே, வலை அழிவதில்லை.

அவ்வலை எத்துணைக் காலம் வாழும்? அமெரிக்க நாட்டின் ஆரிகன் மாநிலத்துக் காடொன்றில், ஒரே பூஞ்சையின் வலை 9 சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் பரவியுள்ளதைக் கண்டறிந்துள்ளனர். அதன் வயது 2,000 ஆண்டுகளுக்குக் குறையாது என மதிப்பிட்டுள்ளனர். சங்கப் புலவர்கள் ஆம்பியைப் பாடிய நாளிலும் அஃது உயிரோடு இருந்திருத்தல் கூடும். இனி, நிலையாமைக்குக் காளானை உவமை கூறுவது எங்ஙனம்?

பூஞ்சைகளை முற்காலத்தார் செடியினத்தில் சேர்த்து எண்ணினர். செடிகளுக்குரிய பசுமை பூஞ்சைகளிடம் இல்லை. கதிரொளியைக் கொண்டு உணவு சமைத்துக் கொள்ளும் ஆற்றலும் அவற்றிற்கு இல்லை. நண்டின் ஓட்டிலும் வண்டின் மேல்தோட்டிலும் உள்ள கைட்டின் என்னும் பொருளே அவற்றின் இழைச்சுவர்களில் அமைந்துள்ளது. ஆதலின் 1969-ஆம் ஆண்டில் விட்டேக்கர் என்னும் அமெரிக்க அறிஞர், உயிர்களை ஐந்து உலகங்களாக வகுத்தபோது பூஞ்சைகளைத் தனி உலகமாக நிறுத்தினார். செடிகளைவிட விலங்குகளுக்கே அவை நெருங்கிய உறவின என்பது இக்கால ஆராய்ச்சியால் தெளிந்த உண்மை.

காளான் வகைகள்

இதுவரை பெயரிடப்பட்ட பூஞ்சை இனங்கள் ஒன்றரை இலட்சத்திற்கு மேற்படும். ஆயினும், உலகில் 22 இலட்சம் முதல் 38 இலட்சம் இனங்கள் வரை இருக்கலாம் என்று 2017-ஆம் ஆண்டில் அறிஞர் கணித்தனர். அஃதாவது, நாம் பெயரிட்டு அழைப்பவை நூற்றுக்குப் பத்துக்கும் குறைவே. எஞ்சியவற்றுள் மிகப் பல, வெப்ப மண்டலக் காடுகளில் வாழ்வன எனக் கருதப்படுகின்றன. அங்கு வெப்பமும் ஈரமும் மிகுதி. மரவகைகளும் பூச்சி வகைகளும் மிகுதி. ஒவ்வொரு மரத்தையும் ஒவ்வொரு பூச்சியையும் சார்ந்து வாழும் பூஞ்சைகளும் அதற்கேற்பப் பலவாகின்றன.

மழைக்குப் பின் மலைக்காட்டில் நடப்பவர் காணும் வடிவங்கள் எண்ணிலடங்கா. விழுந்த மரத்தின்மேல் தட்டுகளைச் செருகினாற்போல நிற்பன சில; மனிதரின் காதுமடலை ஒத்து மெத்தென்றிருப்பன சில. பவளக் கொடிபோலக் கிளைப்பனவும், பந்துபோல் உருண்டு, தொட்டால் புகைபோல வித்துகளைக் கக்குவனவும் உள. சிறு பறவைக்கூட்டில் முட்டைகள் இட்டு வைத்தாற்போன்ற காளானும் உண்டு. அதன் கிண்ணத்தில் மழைத்துளி விழுந்ததும் ‘முட்டைகள்’ தெறித்துச் சென்று வேறிடத்தில் ஒட்டிக்கொள்கின்றன. வெண்ணிற வலைத்துகிலைப் போர்த்து நிற்கும் காளான், அழுகல் நாற்றத்தால் ஈக்களை அழைத்து அவற்றின் காலில் தன் வித்துகளை ஏற்றி அனுப்புகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காடுகளில், மழைக்கால இரவில் பசிய ஒளி வீசும் பூஞ்சைகளும் காணப்படுகின்றன. தீயில்லாத ஒளி அது, தொட்டால் சுடாது.

இத்தகைய உயிர்களை ஆராய்வதில் தமிழகம் பின்தங்கியதன்று. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில் டி. எஸ். சதாசிவன் மண்வாழ் பூஞ்சைகளை ஆராய்ந்து புகழ் பெற்றார். அவர்தம் மாணவர் சி. வி. சுப்பிரமணியன், இந்தியாவின் நுண்பூஞ்சைகளைத் தொகுத்து வகைப்படுத்தி 1971-ஆம் ஆண்டில் பெருநூல் ஒன்றை வெளியிட்டார். உலகெங்கும் உள்ள பூஞ்சையியலார் போற்றும் நூல் அது.

மரத்தை மண்ணாக்கும் தொழில்

காட்டில் நாள்தோறும் இலை உதிர்கிறது, கிளை முறிகிறது, முதிர்ந்த மரம் சாய்கிறது. இவற்றை அகற்றுவார் யாருமில்லை. எனினும் காடு சருகுக் குவியலில் மூழ்கிப் போவதில்லை. ஏன்?

மரம் இரண்டு பொருள்களால் வலிமை பெறுகிறது. ஒன்று செல்லுலோசு என்னும் நார்ப்பொருள். மற்றொன்று அந்நாரை இறுகப் பிணைக்கும் லிக்னின் என்னும் பசைப்பொருள். கட்டடத்தின் இரும்புக் கம்பியும் காரையும் போன்றவை இவை. லிக்னினைச் சிதைத்தல் எளிதன்று. பெரும்பாலான உயிர்களால் அதனைச் செரிக்க இயலாது. பூஞ்சைகளுள் ஒரு சாராரே அதனை முற்றச் சிதைக்கும் திறம் வாய்ந்தவை. அவற்றின் இழைகள் மரத்தினுள் நுழைந்து நொதிகளைச் சுரக்கின்றன. அந்நொதிகள் மரத்தைக் கரைக்க, கரைந்ததை இழைகள் உறிஞ்சுகின்றன. நாம் உண்டபின் செரிக்கிறோம். பூஞ்சைகளோ செரித்தபின் உண்கின்றன. லிக்னின் நீங்கிய மரம் வெண்ணிற நாராய் நிற்கும்; இதனை வெள்ளை அழுகல் என்பர். செல்லுலோசு மட்டும் நீங்கிய மரம் பழுப்பு நிறக் கட்டிகளாய் உதிரும். இது பழுப்பு அழுகல் எனப்படும்.

தீயும் காளானும் மரத்தை அழிப்பதில் ஒத்தவை என்றோம். அவற்றிடையே வேறுபாடும் உண்டு. தீ எரிக்கும்போது மரத்திலும் சருகிலும் உள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி புகையாய்ப் போய்விடுகிறது. எஞ்சிய சாம்பலையும் முதல் மழை அடித்துச் செல்கிறது. காளானோ அச்சத்துகளைத் தன் இழைகளில் ஏற்று வைத்து, தான் மடியும்போதும் பிற உயிர்களுக்கு இரையாகும்போதும் சிறிது சிறிதாக மண்ணுக்கு வழங்குகிறது. தீ ஊதாரி, காளான் சிக்கனமுள்ள குடும்பத் தலைவி. எருக்குழியைக் கிளறும்போது ஆவி எழக் கண்டிருப்பீர்கள். பூஞ்சைகளும் நுண்ணுயிர்களும் கூடி மெல்ல எரிக்கும் தீயின் வெம்மையே அது.

இத்தொழிலில் கறையானும் ஒரு பங்காளி. புற்றுக்கட்டும் கறையான் இனங்கள் சில, மென்ற இலையையும் மரத்தூளையும் கொண்டு புற்றினுள் தேன்கூடு போன்ற தோட்டங்களை அமைக்கின்றன. அத்தோட்டத்தில் ஒருவகைப் பூஞ்சையைப் பயிர் செய்து, அதனையே உண்டு வாழ்கின்றன. மனிதன் ஏர் பிடிக்கப் பல இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே கறையான் உழவுத்தொழிலைத் தொடங்கிவிட்டது. மழை பெய்து மண் நனைந்ததும் அத்தோட்டத்துப் பூஞ்சை நீண்ட காம்புடைய காளானாய்ப் புற்றைத் துளைத்து மேலெழும். இதனையே நம் ஊர்ப்புறத்தார் புற்றுக்காளான் என்பர். இடி இடித்தால் முளைக்கும் என்றும் கூறுவர். ரோஜர் ஹெய்ம் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1942-ஆம் ஆண்டில் இவ்வகைக்கு ‘டெர்மிட்டோமைசீஸ்’ எனப் பெயரிட்டார். கறையானையும் காளானையும் நத்தத்தனார் ஓரிடத்தில் சேர்த்துப் பாடியது, நேரிற் கண்டார் கூற்றன்றோ!

மாணவர்க்கு ஈண்டு ஓர் எச்சரிக்கை. காட்டுக் காளான்களுள் உண்ணத்தக்கனவும் கொடிய நஞ்சுடையனவும் ஒரே தோற்றத்தோடு விளங்குதல் உண்டு. வெள்ளிக் காசு கறுக்கிறதா எனப் பார்த்தல் முதலிய சோதனைகள் நம்பத்தக்கன அல்ல. சில காளான்களின் நஞ்சு சமைத்தாலும் நீங்காது. ஆதலால் நன்கு அறியாத காளானை ஒருபோதும் உண்ணலாகாது.

வேரோடு கொண்ட நட்பு

இறந்த மரத்தை மண்ணாக்கும் பூஞ்சைகளைக் கண்டோம். வாழும் மரத்தை வளர்க்கும் பூஞ்சைகளும் உள்ளன. 1885-ஆம் ஆண்டில் பிராங்க் என்னும் ஜெர்மானிய அறிஞர், மரவேர்களும் பூஞ்சை இழைகளும் ஒன்றியிருத்தலை ஆராய்ந்து, அவ்வமைப்பிற்குப் பெயரிட்டார். வேர்ப்பூஞ்சை என நாம் அதனைக் கூறலாம்.

தீப்பெட்டியின் பக்கத்தில் தடவியிருக்கும் மருந்தில் சிவப்புப் பாஸ்பரஸ் உண்டு. அப்பொருளின்றிக் குச்சி தீப்பற்றாது. அதே பாஸ்பரஸ், வேறு வடிவில், செடிகொடிகள் அனைத்திற்கும் இன்றியமையாத உணவாகும். அதுவே நாம் உரக்கடையில் வாங்கும் மணிச்சத்து. வெப்ப மண்டலத்து மண்ணில் அது பெரும்பாலும் இரும்பு முதலியவற்றோடு இறுகப் பிணைந்து கிடக்கிறது. வேர்களுக்கு எளிதில் எட்டுவதில்லை. வேரினும் மிக நுண்ணிய பூஞ்சை இழைகள் மண்துகள்களின் இடையே புகுந்து, மணிச்சத்தைத் திரட்டி வேருக்குக் கொணர்கின்றன. மரம் அதற்குக் கைம்மாறாக, இலைகளில் சமைத்த சர்க்கரையில் ஒரு பங்கைப் பூஞ்சைக்கு அளிக்கிறது. கொடுத்தும் கொண்டும் வாழும் இந்நட்பு, நிலத்தில் வாழும் செடிகொடிகளுள் பெரும்பாலானவற்றில் அமைந்துள்ளது. மரங்களின்மேல் பூத்துக் குலுங்கும் ஆர்க்கிட் செடிகளின் விதை தூசி போன்றது. முளைக்கத் தேவையான உணவு அதனுள் இல்லை. பூஞ்சை வந்து ஊட்டினாலன்றிக் காட்டில் அவ்விதை செடியாவதில்லை.

இவ்விழைகள் மண்துகள்களைப் பிணைத்துச் சிறுசிறு கட்டிகளாக்கவும் செய்கின்றன. அக்கட்டிகளின் இடைவெளியில் மழைநீர் இறங்கித் தங்குகிறது. மக்கிய சருகும் நீரை ஏந்திக் கொள்கிறது. இங்ஙனம் மலையில் தங்கிய நீரே பின்னர் ஓடைகளில் மெல்லக் கசிகிறது. வைப்பாறும் அதன் துணையாறுகளும் அம்மலைத்தொடரின் கீழ்ச்சரிவில் தோன்றுவன. வைகை பிறக்கும் வருசநாட்டு மலைகளும் அக்காப்பகத்தைச் சார்ந்தவையே. கண்மாய்க்கு நீர் வரும் நாளை எண்ணி வாழும் கரிசல் நாட்டு உழவனுக்கு, மலைமேல் கிடக்கும் அவ்வெண்ணிழை வலையோடு உறவுண்டு என்பதை அறிந்தார் சிலரே.

தீக்கு அஞ்சாத வித்துகள்

பசிய இலையினுள்ளும் பூஞ்சைகள் வாழ்கின்றன. இலைக்கு யாதொரு நோயும் விளைக்காமல், உள்ளே ஒடுங்கியிருப்பன அவை. இலை உதிர்ந்ததும் அவற்றுள் சில அதனை மக்கச் செய்யும் பணியில் இறங்குகின்றன. சென்னை விவேகானந்தா வெப்பமண்டலப் பூஞ்சையியல் நிறுவனத்தைச் சேர்ந்த டி. எஸ். சூரியநாராயணனும் அவர்தம் குழுவினரும், மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் இத்தகைய பூஞ்சைகளைப் பல்லாண்டுகள் ஆராய்ந்து வந்தனர்.

அடிக்கடி தீப்பற்றும் வறண்ட காடுகளின் சருகுகளில் வாழும் பூஞ்சைகளை அவர்கள் சோதித்தனர். சிலவற்றின் வித்துகள், நீர் கொதிக்கும் 100 பாகைக்கு மேற்பட்ட உலர்ந்த வெப்பத்தில் இரண்டு மணி நேரம் கிடந்தும் சாகவில்லை. ஈரம் பெற்றதும் முளைத்தன. 2011-ஆம் ஆண்டில் இச்செய்தியை வெளியிட்ட ஆய்வாளர், அப்பூஞ்சைகளுக்கு ‘அக்கினியின் பூஞ்சைகள்’ எனப் பெயர் சூட்டினர். தீ அவிந்த அடுப்பில் ஆம்பி பூத்ததைப் புலவர் பாடினார். தீ அவிந்த காட்டிலும் அவ்வாறே பூஞ்சை முளைக்கிறது. முன்னது வறுமையின் அடையாளம். பின்னதோ காடு மீண்டும் உயிர்க்கத் தொடங்கியதன் அடையாளம்.

கொல்லும் பூஞ்சை, காக்கும் பூஞ்சை

பூஞ்சைகள் அனைத்தும் நண்பர் அல்ல. எறும்பின் உடலினுள் புகுந்து, அதனைச் செடியின்மேல் ஏறச்செய்து, அங்கேயே கொன்று, அதன் தலையிலிருந்து முளைக்கும் பூஞ்சைகளும் வெப்ப மண்டலக் காடுகளில் உள்ளன. இளங்கன்றுகளை அழுகச் செய்வனவும் பல. ஆயினும் காட்டில் இக்கொலையும் ஒரு காவலாக அமைகிறது. ஒரு தாய்மரத்தின் அடியில் அதன் கன்றுகள் நெருங்கி முளைத்தால், அவ்வினத்தைத் தாக்கும் பூஞ்சைகள் அங்குப் பெருகிப் பலவற்றைக் கொல்கின்றன. அதனால் பிற இன மரங்களுக்கு அவ்விடத்தில் வாழ்வு கிடைக்கிறது. எந்த இனமும் காடு முழுவதையும் தனதாக்கிக் கொள்ள இயலுவதில்லை. நடு அமெரிக்க நாடாகிய பெலீசின் காடொன்றில், நிலத்தின் சில பகுதிகளில் மட்டும் பூஞ்சைக் கொல்லி மருந்தைத் தெளித்து ஆராய்ந்தனர். மருந்திட்ட பகுதிகளில் முளைத்தெழுந்த கன்றுகளின் இனவகை குறைந்துபோயிற்று என்று 2014-ஆம் ஆண்டில் அறிவித்தனர்.

பல்வகை மரம் நிறைந்த காட்டை அழித்து, ஒரே பயிரை மலை முழுவதும் நட்டால் யாது நிகழும்? இதற்கு விடை கூறும் இலங்கை வரலாறு. அங்குக் காடுகள் வெட்டப்பட்டு மலைகள்தோறும் காப்பிச் செடி நடப்பட்டது. தமிழகத்திலிருந்து சென்ற ஏழைத் தொழிலாளர் அத்தோட்டங்களில் உழைத்தனர். 1869-ஆம் ஆண்டில் காப்பி இலைகளில் செம்மஞ்சள் நிறத்தூள் போன்ற ஒரு நோய் தோன்றியது. அதுவே காப்பித் துரு என்னும் பூஞ்சை. தடுப்பாரின்றித் தோட்டம் தோட்டமாக அது பரவியது. இருபது ஆண்டுகளுக்குள் இலங்கையின் காப்பித் தொழில் சரிந்தது. அவ்விடத்தைத் தேயிலை பிடித்தது. பல்வகை மரங்களிடையே அடங்கிக் கிடக்கும் பூஞ்சை, ஒரே பயிரின் நடுவே பேரழிவாகும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்துகிறது.

நம் கடமை

இனி, நம் மலைக்காட்டின் நிலையை எண்ணுவோம். மாசித் திங்கள் முதல் கோடைமழை வரை அங்குச் சருகு காய்ந்து கிடக்கும். எறிந்த ஒரு பீடித் துண்டும், அணைக்காத ஓர் அடுப்பும் மலைச்சரிவு முழுவதையும் எரித்துவிடும். வெப்பத்தைத் தாங்கும் வித்துகள் சில உண்டு என்பது மெய்யே. ஆயினும் எல்லாப் பூஞ்சைகளும் அத்தகையன அல்ல. ஆண்டுதோறும் தீ மூளுமாயின், சருகுப் போர்வை இல்லாதொழியும். மேல்மண்ணில் உள்ள இழைவலை கருகும். விழுந்த மரங்களில் வாழும் பூஞ்சைகள் வீடிழக்கும். பின்வரும் மழை மண்ணை நனைக்காமல் மண்ணையே வாரிச் செல்லும்.

பயனற்றுக் கிடக்கிறதென்று பட்டமரத்தை எல்லாம் காட்டிலிருந்து அகற்றுவதும் தக்கதன்று. அப்பட்டமரம் காட்டின் களஞ்சியம். சதுரகிரிக்குச் செல்லும் அடியவர்கள் வழியில் எறியும் நெகிழிப் பையை எந்தக் காளானும் எளிதில் மண்ணாக்காது. இலையையும் கிளையையும் காட்டிற்கு விட்டுவிட்டு, நாம் கொண்டு சென்றவற்றை நாமே திரும்பக் கொணர்தல் வேண்டும்.

தீயோடு பழகிய சிவகாசி மக்களுக்கு ஓர் உண்மை நன்கு தெரியும். மருந்து கலக்கும் அறையில் ஒரு சிறு பொறியும் தோன்றலாகாது. கவனமே அங்கு உயிரைக் காக்கும் காப்பு. அக்காப்பு தவறிய நாள்களில் எத்தனை குடும்பங்கள் கண்ணீர் வடித்தன என்பதையும் அவர்கள் அறிவர். அத்தகைய கவனத்தையே கோடைக்காலத்து மலைக்காடும் நம்மிடம் வேண்டி நிற்கிறது.

புலியைக் காண மக்கள் திரள்கின்றனர். மலையணிலைக் கண்டு மகிழ்கின்றனர். அவ்வணில் தாவும் கிளையும், அக்கிளையைத் தாங்கும் மரமும், அம்மரத்திற்கு உணவூட்டும் மண்ணும் காலடியில் கிடக்கும் பூஞ்சை வலையின் உழைப்பால் நிலைபெறுவன. அடுத்த மழைக்குப் பின் வேலியோரத்தில் ஒரு சிறு காளானைக் காணும்போது, காலால் எற்றிச் செல்லாதீர்கள். குனிந்து நோக்குங்கள். ஒரு நாளில் வாடுவது அக்குடை; காடு வாழும் நாளெல்லாம் வாழ்வது அதன் அடியில் உள்ள வலை. ‘மழைக்காலக் காளான் போல’ என்னும் தொடரை இனி எடுத்தாளும்போது, அவ்வலையையும் நினைவிற் கொள்வோமாக.